கொங்கு மண்டல உப்புநீர்த் தொட்டிகளில் நைட்ரேட்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

புதிதாக அமைத்த உப்புநீர்த் தொட்டியில் மீனுக்கு முன்பே குடியேறுவது நைட்ரேட். கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருக்கும் கோயமுத்தூரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கலவையைக் கரைத்துக் கடல் செய்கிறார்கள். கடலைப் பாராமலே கடலை ஆராய்வது அறிவுலகத்துக்குப் புதிதன்று. ஆகவே இத்துறைக்கு இவ்வூர் முற்றிலும் தகுதியானது.

நைட்ரேட்டின் பிறப்பில் சர்ச்சை இல்லை. உக்கடம் மீன் சந்தையில் வாங்கிய இறால் ஒன்றை வெறும் தொட்டியில் போட்டு அழுகவிட்டால் அமோனியா வரும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். மண்ணிலிருந்து இந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர். காலம் 1890ஐ ஒட்டி. தொட்டியில் இது நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனைச் சீக்கிரம் கொல்லும். நைட்ரேட் நிதானமாக வாட்டும் (காண்க: மீன் கடைக்காரர், வாய்மொழி).

நைட்ரேட் மூவகைப்படும்: நீரில் இருப்பது, சோதனைக் குழாயில் தெரிவது, வந்தவர்களிடம் சொல்வது. முதலாவதை எவரும் கண்டதில்லை. மூன்றாவது எப்போதும் 5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம் என்று கொள்க). எனவே ஆய்வுக்குரியது இரண்டாவதே.

குழாயில் நடப்பது சாயப்பட்டறை வேலை. துத்தநாகத் தூள் நைட்ரேட்டை மறுபடி நைட்ரைட் ஆக்க, அந்த நைட்ரைட் அசோ சாயமாக மாறி நிறம் காட்டும். இந்த வினையை 1879இல் விளக்கிய பீட்டர் கிரீஸ், இங்கிலாந்தில் பீர் ஆலையொன்றில் வேதியியலாளர். துணிக்குப் போடும் சாயங்களில் பலவும் இதே குடும்பம். ஆக, குழாயின் நிறத்தை ஒப்பிட, மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நிற அட்டையைப் படித்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதே கேள்வி. கோவைப் பள்ளியினர் 20 என்று சொல்லும் நிறத்தை, திருப்பூர்ப் பள்ளியினர் 40 என்பர். ஷேடு பார்த்துப் பழகிய திருப்பூர் மாப்பிள்ளை, "டியூப்லைட்ல பாத்துச் சொன்னா ஒத்துக்க முடியாதுங்க மாமா, டி65 வெளிச்சத்துல பாக்கோணும்" என்பார். டி65 என்பது பகல்வெளிச்சத்துக்கான தரநிலை. அவர் சொல்வது சரிதான். ஒரே நிறம் விளக்குக்கு விளக்கு வேறாகத் தெரியும். அப்புச்சி பள்ளியோ இரண்டையும் மறுத்து, "செங்காமட்டை நிறம்" என்று கூறி விலகும், எண் கேட்டால் தூங்கிவிடும் (காண்க: அப்புச்சி, கயிற்றுக்கட்டில், பகல் உறக்கத்துக்கு முன், ஒப்புநோக்குக: அமுச்சியின் பால் கணக்கு நோட்டு, பின்னட்டை உட்புறம். காபி சிந்திய பாடமே மூலம். சிந்தாத இடத்தில் காண்பது பிற்காலத்தார் துடைத்து எழுதிய இடைச்செருகல். அங்கே "40" என்றிருப்பது நைட்ரேட்டா, பால் பாக்கியா என்பது இன்னும் தீரவில்லை, பால்காரர் இரண்டாம் கருத்தினர்).

இத்தனை வாதத்திலும் ஒருவரும் துத்தநாகத் தூள் உள்ள இரண்டாம் சோதனைப் புட்டியைக் குலுக்கவில்லை. அந்தத் தூள் அடியில் தங்கும் பண்புடையது. அரை நிமிடமாவது ஓங்கிக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகத் தெரியும். மாறாக, புதுத் தொட்டியில் நைட்ரைட் மிஞ்சியிருக்கும் வாரங்களில் அதுவும் சாயத்தில் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று கழித்துச் சரியான விடை வருவதும் உண்டு. முனைவர் பட்ட முடிவுகள் சில இவ்வழியே வந்தவை என்று கருத இடமுண்டு.

மீன் மட்டும் வாழும் தொட்டியில் 40 வரை பொறுக்கலாம்; பவளம் இருந்தால் 10க்குள். மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. அதாவது, குடும்பம் நிம்மதியாகக் குடிக்கும் போர்வெல் தண்ணீரைப் பவளம் நிராகரிக்கக்கூடும். சிறுவாணி நீரின் சுவை பற்றிய பெருமையும் மீனிடம் செல்லாது. ஆர்.ஓ. நீரில் உப்புக் கலப்பதே பாதுகாப்பு.

நைட்ரேட்டைக் குறைக்கும் வழிகள் மூன்று.

தீனி: குறைக்க வேண்டும், போடத் துடிக்கும் விருந்தாளிகளையும்.

பாசி வளர்த்தல்: பயனுண்டு. வளர்ந்ததை அள்ளி வெளியே எடுத்தால்தான் நைட்ரேட்டும் வெளியேறும்.

நீர் மாற்றுதல்: நாற்பது இருக்கும் தொட்டியில் கால்பங்கு நீரை நைட்ரேட் இல்லாத உப்புநீரால் மாற்றினால் 30, மறுமுறை 22.5, மூன்றாம் முறை ஏறத்தாழ 17. மாற்றும் நீரிலேயே 40 இருந்தால் முதுகுவலி மட்டும் கூடும்.

எடுத்த நீரை என்ன செய்வது என்பது எஞ்சிய சிக்கல். நைட்ரேட் பயிருக்கு உரம். உப்போ பெரும்பாலான பயிருக்குக் கேடு. தென்னை உப்பைத் தாங்கும். தென்னைக்கு உப்பு வைப்பது பழைய வழக்கம். ஆகவே வளர்ந்த தென்னை மரத்தடியில் இடம் மாற்றி மாற்றி ஊற்றலாம். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றக் கூடாது (காண்க: அமுச்சி, மேற்படி நோட்டு, முன்னட்டை, சிவப்பு மையில், மூன்று முறை அடிக்கோடிட்டது).