கைத்துப்பாக்கிக் கொள்முதல் குறித்து அப்பச்சிக்கு

சிவமயம்

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்பும் வணக்கமும் நிறைந்த அப்பச்சி அவர்களுக்கு மகன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மருமகளும் பிள்ளைகளும் க்ஷேமம். அரியக்குடியில் தாங்களும் ஆத்தாவும் அப்பத்தாவும் சௌக்கியமாக இருக்கத் தென்திருப்பதிப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஆத்தா, "துப்பாக்கி வாங்கப் போறியாமே, யாரைச் சுடுறதுக்கு?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அப்பத்தா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டபடியால், விஷயத்தை ஆதியோடந்தமாக எழுதிவிடுவதே உத்தமம் என்று தீர்மானித்தேன். யாரையும் சுடும் உத்தேசம் எனக்கில்லை. புதியது வாங்குவதா, இன்னொருவர் வைத்திருந்த பழையதை வாங்குவதா என்னும் ஆராய்ச்சியில்தான் இருந்தேன். அது முடிகிற வரையில் இவ்வூர்த் திருடர்கள் யாதோர் அபாயமுமின்றி வாழ்ந்தார்கள்.

எண்ணம் தோன்றியதற்குக் காரணம் நம் வீட்டுத் தங்கக் கழுத்திரு. இந்தியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்ற இரகசியம் அமெரிக்கத் திருடர்களுக்கு எட்டிப் பல வருஷங்களாகின்றன. டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் நம்மவர் வீடுகளாகவே தேர்ந்தெடுத்துப் புகுகின்ற கூட்டங்களைக் குறித்துப் போலீசாரே எச்சரிக்கை செய்திருக்கிறார்கள். இதைப் பத்திரிகையில் படித்த பக்கத்து வீட்டுப் பெரியவர், எங்கள் வாசலிலுள்ள செருப்புக் குவியலையும் மாவிலைத் தோரணத்தையும் ஒரு கணம் நோக்கிவிட்டு, "நீ விளம்பரப் பலகையே மாட்டி வைத்திருக்கிறாய், ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக்கொள்" என்று உபதேசித்தார். பரோபகாரி. எங்கள் வீட்டு மிளகு ரசத்துக்கு அவர் அடிமை.

வந்த புதிதில் இந்தக் கவலைக்கே இடமிருந்ததில்லை. வேலை விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தன்வசம் வைத்திருக்கலாகாது என்பது இங்குள்ள மத்திய சட்டம். ஆனால் அவனே வேட்டையாடும் லைசென்ஸ் ஒன்று பெற்றுவிட்டால் வைத்திருக்கலாம். ஒரு மானையாவது கொல்ல உத்தேசித்திருக்கும் அந்நியனே நம்பத் தகுந்தவன் என்பது அந்தச் சட்டத்தின் தாத்பரியம் போலும். பியர்லாந்து மீனாட்சியம்மன் கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற கையால் மான் வேட்டைச் சீட்டும் வாங்குவதெப்படி என்ற கூச்சத்திலேயே காலம் கழிந்தது. கிரீன் கார்டு வந்ததும் தடையும் கூச்சமும் ஒருங்கே நீங்கின.

ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிக்காகத் தாங்கள் படும் பாட்டை நான் சிறு வயது முதல் பார்த்தவன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி கலெக்டருக்கு விண்ணப்பம், போலீஸ் விசாரணை, காலந்தவறாத புதுப்பிப்பு, இவையெல்லாம் போதாவென்று ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது பெற்று, முடிவு வந்தபின் போய் மீட்டு வருதல். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் விடுபட்டதுண்டு. துப்பாக்கிப் பட்டியலில் விடுபட்டதேயில்லை. இங்கோ, இருபத்தொரு வயது நிரம்பியவன் கடையில் அடையாள அட்டையைக் காட்டி, ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து, கடைக்காரர் எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வு நிலையத்தாரிடம் விசாரிக்கிற சில நிமிஷங்கள் காத்திருந்தால், பெரும்பாலும் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் படிவத்திலே, "நீர் நீதிக்குத் தப்பி ஓடுகிறவரா?" என்றொரு கேள்வி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறவன் நின்று நிதானித்து 'ஆம்' என்று எழுதுவான் என்ற நம்பிக்கையை நான் வேறெந்தச் சர்க்காரிடமும் கண்டதில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போவதற்கும் 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் லைசென்ஸ் வேண்டியதில்லை. இத்தேசத்துக் குடிகளின் கையில் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக 2018-இல் மதிப்பிட்டார்கள். அப்போது ஜனத்தொகையோ 33 கோடியளவுதான். தொட்டிற்பிள்ளைக்கும் ஒன்று ஒதுக்கியபின் மீதி நிற்கிறது.

ஆகவே, நம் நாட்டில் லைசென்ஸ் கிடைப்பதுதான் கஷ்டம்; இங்கே தேர்ந்தெடுப்பது கஷ்டம். அதிலும் நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு இரட்டிப்புக் கஷ்டம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பழையதென்றால் விலை கூடுதல் என்பதுதான் பாலபாடம். பர்மாத் தேக்குத் தூணும் பீங்கான் ஜாடியும் எனாமல் அடுக்கும் வருஷம் ஏற ஏற மதிப்பும் ஏறும். நம் தேசத்துக் கைத்துப்பாக்கி வியாபாரமுங்கூட இந்தச் சாஸ்திரத்துக்கு உட்பட்டதே: வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதியாவது 1980-களில் நின்றுபோனபடியால், அரசாங்கம் கான்பூரில் செய்து விற்கும் புத்தம் புதிய ·32 ரிவால்வரைக் காட்டிலும், எந்தத் துரையோ விட்டுப்போன வெப்லி ரிவால்வர் பன்மடங்கு விலை பெற்று இலட்சக்கணக்கில் கைமாறுகிறது. இங்கே அந்தச் சாஸ்திரம் தலைகீழாகக் கிடக்கிறது. புதிய கிளாக் பிஸ்டல் ஏறக்குறைய 550 டாலரென்றால், போலீசார் பயன்படுத்திக் கழித்தது 350, 400-க்கு வருகிறது.

இந்தக் கிளாக் என்பவர் ஆஸ்திரியா தேசத்து இஞ்சினீயர். 1982-இல் அவருடைய பிஸ்டலை அந்நாட்டு இராணுவம் ஏற்பதற்குமுன், ஜன்னல் திரைச்சீலைக்குக் கம்பி செய்துகொண்டிருந்தவர். பிஸ்டலின் சட்டகம் பிளாஸ்டிக். ஒரு கடையில் கையில் வாங்கிப் பார்த்தேன். அரியக்குடிக் குத்துவிளக்கின் கனத்தில் வளர்ந்த கைக்கு அது விளையாட்டுச் சாமான்போல் பட்டது. அதைச் சொன்னதும் கடைக்காரர் முகம் வாடிவிட்டது.

போலீஸ் கழிவுச் சரக்கில் ஒரு விசேஷம் உண்டென்று அவரே விளக்கினார். போலீஸ்காரர் பிஸ்டலைத் தினந்தோறும் உறையில் செருகி எடுக்கிறாரேயொழிய, பயிற்சிக் களத்துக்கு வெளியே சுடுவது அபூர்வம். ஆகையால் மேற்பூச்சு வெளுத்து விளிம்பு தேய்ந்திருக்குமாம், உள்ளே குழலின் வரிகள் புதிதுபோல் தேயாதிருக்குமாம். தோட்டா இல்லையென்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் விளக்கடித்துக் காட்டினார். ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றார். இருட்டில் ஒளிரும் குறிப்புள்ளிகள் மங்கியிருந்தன. அவற்றினுள் உள்ள டிரிட்டியம் என்னும் வாயு பன்னிரண்டு வருஷத்துக்கொருமுறை பாதியாகக் குறையும் சுபாவமுடையதாம். வட்டி குட்டி போட்டு வளர்வதை அறிந்த நமக்கு, அசல் தானாகவே பாதியாகும் இந்தக் கணக்கு மனத்துக்கு ஒவ்வவில்லை.

ஆயினும் என்னைத் தடுத்தது அதுவன்று. நம் வீட்டுப் பாத்திரம் எதை எடுத்தாலும் விலாசம் பொறித்திருக்கும். எந்த வீட்டுச் சீர், எந்த ஆச்சி கொண்டுவந்தது என்று அப்பத்தா பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார்கள். பழைய பிஸ்டலில் இருப்பதோ ஓர் எண். செய்த கம்பெனி, விற்ற கடை, முதலில் வாங்கியவர் என்ற மட்டில் அந்த எண்ணைக் கொண்டு தொடரலாம். அவர் டெக்சாஸுக்குள்ளேயே தெரிந்தவருக்கோ தெரியாதவருக்கோ கைமாற்றிவிட்டால் படிவமில்லை, விசாரணையில்லை, பேரேட்டில் பற்றுமில்லை வரவுமில்லை. ஒருவர் உணவு விடுதியின் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார், பாதி விலைக்குத் தருவதாக. எந்தக் கை அதை எதற்குப் பிடித்ததோ என்ற நினைப்பில் நான் போகவில்லை.

புதியது வாங்குவதில் ஒரு புண்ணியமும் இருக்கிறது. 1937-இல் செய்த ஒரு சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, இங்கே புதிய கைத்துப்பாக்கியின் மேல் நூற்றுக்குப் பத்து வீதம் தயாரிப்பாளரிடம் வசூலிக்கப்படும் வரி, காட்டு விலங்குகளையும் பறவைகளையும் போஷிக்கும் நிதிக்குப் போகிறது. பழையதற்கு அந்த வரி இல்லை. கூடு கட்டிய பறவைகள் வெருளாதிருக்கத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத நம் வேட்டங்குடிக் கிராமத்தாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வெடிக்கிற சாதனத்தை விற்றுப் பறவையை வளர்க்கும் யுக்தியை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ, அறிய ஆவல்.

கடைசியில் வழக்கு தங்கள் மருமகளின் தீர்ப்புக்குச் சென்றது. பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டாவோடு வைத்தால் இங்கே குற்றம். எனவே பூட்டி வைக்க வேண்டும். பூட்டி வைத்ததைத் திறப்பதற்குள் திருடன் கழுத்திருவோடு கம்பி நீட்டிவிடுவான். அதைவிட, இந்தத் தங்கத் திருடர்கள் பெரும்பாலும் வீட்டில் ஆளில்லாத பகல் வேளையைப் பார்த்தே வருபவர்களாகையால், நகையோடு துப்பாக்கியையும் எடுத்துப் போவார்கள்; களவுக்குக் காவலாக வைத்ததே களவுச் சரக்காகும். இவை அவள் வாதங்கள். இந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதையும் அவள் மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் புதியது பழையது என்று பேசவில்லை.

ஆகவே கொள்முதல் ஒத்தி வைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, கடையை மூடிக்கொண்டு போகிற ஒரு கடிகாரக்காரரிடம் பழைய இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கித் தரையோடு முடுக்கியிருக்கிறேன். பழையதுதான், பேரம் பேசி விலையைக் குறைத்தேன் என்பதில் எனக்குச் சற்றே கர்வம். கழுத்திருவும் பாஸ்போர்ட்டுகளும் அதனுள் சுகமாயிருக்கின்றன. பெட்டியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், உள்ளே துப்பாக்கியைத் தேடி ஏமாந்து, ரசம் குடித்துவிட்டுப் போனார்.

ஆத்தாவிடமும் அப்பத்தாவிடமும் விவரம் சொல்லவும். ஐயாவின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் நெருங்குவதாகச் சொன்னீர்கள். தவணை தப்பவிட வேண்டாம். அதைச் சட்டத்துக்கு வெளியே யாரிடமும் காட்டவும் வேண்டாம். ஆனால் இரண்டாங்கட்டு அறையில் தொங்குகிற அதன் தோலுறையை மட்டும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு அனுப்பி, என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதவும்; முதலில் சொல்லும் விலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்