பிள்ளை சிறிசுதான்

ஷார்ஜா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மருமகளும் பேரனும் க்ஷேமம். உங்கள் முழங்கால் வலி, அப்பாவின் இருமல், சினைப்பசுவின் நிலைமை ஆகியவற்றைத் தங்கை மூலம் அறிந்துகொண்டேன்.

போன வாரம் தங்கை அனுப்பிய குரல் செய்தியில், அவள் பேச்சுக்கும் பின்னால் அடுக்களையிலிருந்து நீங்கள் கேட்ட கேள்வி எனக்குத் தெளிவாகவே கேட்டது: "பனிமலைக்குக் கொண்டுபோகப் பிள்ளை பெரிசாயாச்சு, ஊருக்கு வர மட்டும் சிறிசா?" இதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நான் தொடங்குகிற வாக்கியத்தை முடிப்பவர் எப்போதும் நீங்களாகவே இருப்பதனால், கடிதம் என்னும் பழைய உபாயத்தைக் கைக்கொள்கிறேன். மார்த்தாண்டவர்மா மகாராஜா பகைவர்க்குத் தப்ப நெய்யாற்றின்கரையில் அம்மச்சிப்பிலாவின் பொந்துக்குள் ஒளிந்தார் என்று சிறுவயதில் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் காட்டினீர்களே, அப்படி உங்கள் கேள்விக்குத் தப்பி நானும் ஒளிந்துகொள்ளலாமென்றால், இந்த ஊரில் இருப்பவை பேரீச்சை மரங்கள்; அவற்றில் ஓர் ஆள் நுழையும் பொந்து கிடையாது.

குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஓணத்துக்கு வரச் சொன்னீர்கள்; கிருஷ்ணசுவாமி கோயிலில் சோறூட்டுக்கு நேர்ந்திருப்பதாகவும் சொன்னீர்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு விமானத்தில் காது அடைக்கும் என்று நான் வைத்திய சாஸ்திரம் பேசினேன். பிறகு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பிள்ளையை மடியில் வைத்து, நீங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்க, முதல் பருக்கை அவன் நாவில் படும் சமயத்தில் இணைப்பு அறுந்து, நீங்கள் தரிசித்தது எங்கள் மின்விசிறியை மட்டுமே என்பதும் எனக்குத் தெரியும். திருவனந்தபுரம் இங்கிருந்து ஏறக்குறைய 4 மணி நேரம். சூரிச் நகரமோ 7 மணி நேரம். 4 மணிக்கு அடைக்கிற காது 7 மணிக்கு எப்படித் திறந்துகொள்ளும் என்பதற்கு என்னிடம் சாஸ்திரம் இல்லை.

நடந்தது இதுதான். குளிர்பெட்டியின் மேலறையில் தவிர வேறெங்கும் பனியைக் கண்டறியாத உங்கள் மகன், உத்தியோக சாலைச் சகா ஒருவர் சுவிட்சர்லாந்துப் பனியில் குடும்பத்தோடு உருண்டு எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, வருகிற ஏப்ரலில் நாமும் போவோம் என்று ஒரு பலவீனமான வேளையில் சொல்லிவிட்டான். உங்கள் மருமகளோ சொன்ன சொல்லை மறக்காத குலத்தில் பிறந்தவள்.

விசா விண்ணப்பம் பெரியவர்க்கும் சிசுவுக்கும் ஒன்றேதான். ஒன்பது மாதப் பேரனிடம் அது விவாக நிலையைக் கேட்டது; பிரம்மசாரி என்று எழுதினேன். உத்தியோகம் என்ன என்று கேட்டது. இரவு இரண்டு மணிக்கு வேலைக்கு ஏறி விடியும்வரை ஓயாமல் உழைக்கிறவனை உத்தியோகமற்றவன் என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஆயினும் அப்படியே எழுதினேன். செலவை ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் சந்தேகமே எழவில்லை. 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை. எங்களுக்குத் தலைக்கு 90 யூரோ. அந்தத் தேசத்து ரயிலிலும் பெற்றோரோடு போனால் 6 வயதுவரை இலவசம். ஆகக்கூடி இலவசமாகப் போகிறவன் ஒருவன், அவனைச் சுமக்கிற கூலிகள் இருவர்; கட்டணமும் கூலிகளுடையதே.

இவையெல்லாம் அற்பம். புகைப்படம் என்று ஒன்று கேட்டார்கள், அம்மா! அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45. அதில் முகம் மட்டும் 70 முதல் 80 சதவிகிதம் இருக்க வேண்டும். பின்னணி வெளிறியிருக்க வேண்டும், இரு கண்களும் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிப்புக் கூடாது, பிள்ளையைத் தாங்கும் கை படத்தில் தெரியலாகாது. கடவுளோ நம் பிள்ளையின் கண்ணுக்கும் வாய்க்கும் ஒரே விசையை வைத்துப் படைத்திருக்கிறார். கண் திறந்தால் வாயும் திறக்கிறது, வாய் மூடினால் கண்ணும் மூடுகிறது. ஸ்டுடியோக்காரர் இருபது தடவை முயன்று கைகூப்பி எங்களை வழியனுப்பினார். வீட்டில் தரையில் வெள்ளை விரிப்பை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, நான் முக்காலி மேல் நின்று வௌவாலைப் போலக் கவிழ்ந்திருக்க, உங்கள் மருமகள் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டினாள். பிள்ளை சிரித்தான், படம் தள்ளுபடி. தட்டுவதை நிறுத்தினாள், அழுதான், தள்ளுபடி. மூன்றாம் நாள் சர்வ லட்சணமும் பொருந்திய படம் ஒன்று அமைந்தது; கண்ணேறு படாதிருக்க நீங்கள் கட்டாயம் வைக்கச் சொன்ன மைப்பொட்டு கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு இருந்தமையால் அதுவும் தள்ளுபடி.

கடைசியில், தோல்வியுற்று, முக்காலியின் மேல் நின்றபடியே தங்கையின் குரல் செய்தியை மறுபடி ஓட விட்டேன். உங்கள் குரல் எழுந்தது: "ஊருக்கு வர மட்டும் சிறிசா?" பிள்ளை வாயை மூடினான், இரு கண்களையும் அகல விரித்து, சிரிக்காமல், அழாமல், என்னை நேருக்கு நேர் பார்த்தான். அந்தப் படத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி மலையின் சமாசாரம். யுங்ஃபிராவ் என்னும் சிகரத்தின் பக்கத்தில், பாறையைக் குடைந்து 1912-லேயே ரயில் விட்டிருக்கிறார்கள். அது சேரும் நிலையம் கடல் மட்டத்துக்கு 3,454 மீட்டர் மேலே. நம் அகஸ்தியர்கூடமோ 1,868 மீட்டர்தான் என்று நான் உங்கள் மருமகளிடம் பெருமிதமாக ஒப்பிட்டுக் கொண்டிருந்தபோது, வைத்தியர் கைக்குழந்தையை அத்தனை உயரத்துக்கு ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே, கடன் அட்டையைத் தேய்த்து, ஏழு மணி நேரம் பறந்து, அடிவாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மலையைக் கீழிருந்து பார்க்கப் போகிறோம். மழை விட்ட காலையில் நம் மேட்டுப் புரயிடத்தில் பல்துலக்கிக்கொண்டே கிழக்கே மலையைப் பார்த்தவன் நான். அதற்கு ஒரு காசும் கேட்டவர் இல்லை.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய காகிதங்களில் பிரதானமானது, நாங்கள் திரும்பி வந்துவிடுவோம் என்பதற்கான நிரூபணம். சம்பளச் சான்று, வாடகை ஒப்பந்தம், திரும்பும் டிக்கெட்டுக்கான பதிவு, தலைக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று அடுக்கிக் கட்டும்போது, பாட்டாவை நினைத்துக்கொண்டேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் பிரிந்து, களியக்காவிளைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை ஒரே ராத்திரியில் வேறு மாநிலத்தவளாகிவிட்ட பின்னும், பாட்டா ஆண்டுதோறும் ஒரு வரிக்கச்சக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்வந்தார். திரும்பி வருவாயா என்று கேட்டவர் பாட்டி ஒருத்திதான், அதுவும் சாயங்காலச் சோற்றுக் கணக்குக்காக.

உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்துக்கு நாள் குறிக்க வேண்டும், காகிதம் சேர்க்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். ஆதலால் ஆறு மாதம் முன்னதாகவே முனைந்துவிட்டேன். உங்களிடம் வர ஒரு தாளும் வேண்டியதில்லை, எப்போது வந்தாலும் கதவு திறக்கும். ஆதலாலேயே அடுத்த மாதம், அடுத்த ஓணம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். பிள்ளையின் கடவுச்சீட்டு மனுவில் நிரந்தர முகவரி என்று பெருங்கடவிளை வீட்டைத்தான் எழுதினேன்; அந்த நிரந்தரவாசி அங்கே ஓர் இரவும் கண்ணயர்ந்ததில்லை.

டிசம்பர் 20-ஆம் தேதிக்கு மூவருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. பண்டிகைக் காலமென்றால் வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரம் வரக் கேட்கிற கட்டணம், ஏப்ரலில் ஐரோப்பாவுக்குக் கேட்பதோடு போட்டியிடுகிறது. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். சோறூட்டைப் புதிதாகவே நடத்துங்கள். பிள்ளை இதற்குள் சோறு தின்னப் பழகிவிட்டான் என்பதைக் கிருஷ்ணசுவாமி பொருட்படுத்தமாட்டார். நடு அறை உத்தரத்தில் எனக்குத் தொட்டில் கட்டிய கொக்கி துருப்பிடித்திருந்தால், அப்பாவை எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.

பின்குறிப்பு: நேற்று விசா அலுவலகத்தில் பிள்ளையின் படத்தைப் பார்த்து, இத்தனை ஒழுங்கான சிசுவைக் கண்டதில்லை என்று மெச்சினார்கள். பல் தெரிகிறது என்று என் படத்தைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.