இரண்டு பெட்டி, இரண்டு கடிகாரம்

மைக் செருக இடம் போதவில்லையா, இன்னொரு மலிவு ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்கிச் சேர்த்துவிடு என்பது வீட்டு ஸ்டுடியோக்காரர்களின் கணக்கு. கூட்டல் சரி, கடிகாரம்தான் ஒத்துழைக்காது. ஒவ்வொரு பெட்டியும் தன் படிகக் கடிகாரத்தை நம்பியே விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி விலகும். மிருதங்கத்தின் வலந்தலை ஒன்றிலும் தொப்பி மற்றதிலும் பதிவானால், வித்வான் தன்னோடு தானே தாளம் தப்புவார்.

“இரண்டையும் ஒன்றாகக் காட்ட மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் இருக்கிறதே?” என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதன் டிரிஃப்ட் கரெக்‌ஷன் விலகலைத் தடுப்பதில்லை, ஒரு பெட்டியின் ஒலியை ஓயாமல் திருத்தி ஒப்பேற்றுகிறது. பெட்டிகளை இணைக்கும் ஏடாட் கேபிளிலோ 8 சேனலோடு கடிகாரமும் சேர்ந்தே வரும். ஆனால் அந்த வசதியுள்ள பெட்டி விலை அதிகம் என்றுதானே மலிவாக இரண்டு வாங்கியது! மிச்சம் பிடித்த பணத்தை, நேரமாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.