நெகட்டிவா இருக்கு சார்

வாரத்தில் ஐந்து நாள் கணக்கு எழுதுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராப் பையைத் தோளில் மாட்டியதும் கலைஞன் ஆகிவிடுவேன். திங்கட்கிழமை அது தானாக வடிந்துவிடும். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள்.

2024 அக்டோபர் 6, ஞாயிறு. விமானப்படையின் 92ஆவது ஆண்டு விழாவுக்காக மெரினாவில் சாகசக் காட்சி. எழுபத்திரண்டு விமானங்கள். நான் 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தேன். பிறந்த குழந்தையின் எடை இருக்கும். அதைக் குழந்தையைவிடப் பத்திரமாக அணைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மணலில் இடம் பிடித்தேன்.

காட்சி பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. சென்னையில் தெருநாய்கூட லாரிக்கடியில் போய்ப் படுக்கிற நேரம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து லட்சம் பேரை நிழலே இல்லாத மணலில் கூட்டி, லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டிருந்தார்கள். புத்தகத்துக்கே குளிர்பானத்தின் பெயர். மணலில் நின்றவனுக்கு நாக்கை நனைக்கத் தண்ணீர் கிடைத்த பாடில்லை. முக்கியப் பிரமுகர்களுக்கு மட்டும் பந்தல் இருந்தது. வெயிலும் பாவம், ஆள் பார்த்துத்தான் அடிக்கும்போலிருக்கிறது.

வந்து சேர்ந்த கதை தனி. கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள், நான்காவது பாதை போடுவதற்காக. ஆகவே நகரத்தின் பாதி ஜனம் சிந்தாதிரிப்பேட்டை நடைமேடையில் நசுங்கிக்கொண்டு நின்றது. வானத்தில் எழுபத்திரண்டு பறந்த அன்று, பெயரிலேயே பறப்பதை வைத்திருக்கிற ஒன்று மட்டும் ஆள் ஏற்ற முடியாமல் திணறியது.

ரஃபேல் வந்தது, சுகோய் வந்தது, தேஜஸ் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மயிர்க்கூச்செறிந்தது. என் முன்னால் ஒரு தாத்தா பேரனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தள்ளாடி நின்றார். சூர்யகிரண் சாகசக் குழுவின் ஒன்பது விமானங்களும் அம்புபோலத் திரும்பி வருகிற நேரம். "தாத்தா, கொஞ்சம் உக்காந்துக்கங்க, மறைக்குது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் படுத்தார். நான் விநாடிக்குப் பத்துப் படம் வீதம் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தேன். பேரன் அழுத பிறகுதான் லென்ஸைக் கீழே இறக்கினேன். இறக்கியவன் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பையன்கள் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போனதைப் படம் எடுத்தேன். லென்ஸ் நீளம் அதிகம். அதனால் நாலடி பின்னால் போய் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். அன்று எடுத்தது 1,412 படம். அதில் 1,409 வானம். மீதி மூன்றுதான் பூமி: பையன்கள் தூக்கிக்கொண்டு போன தாத்தா, ஐஸ் வண்டி ஒன்றின் நிழலில் ஒடுங்கி உட்கார்ந்த ஏழு பேர், மணலில் ஒற்றையாய்க் கிடந்த செருப்புகள். பதினைந்து லட்சம் பேரைக் கூட்ட நினைத்த விழாவில் மனிதனுக்கு என் மெமரி கார்டு ஒதுக்கிய இடம் இவ்வளவுதான்.

இதில் எனக்கு முன்பயிற்சி உண்டு. 2022இல் செஸ் ஒலிம்பியாட் வந்தபோது நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் வரைந்தார்கள். ஊரே போய்ப் படம் எடுத்தது, நானும் போனேன். பாலத்துக்குக் கீழே கூவம் ஓடுகிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கூவம் தெரியாத கோணமாகத் தேடி எடுத்தோம். தெரிந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் நீலமாக்கினோம். கூவம் கரையில் குடியிருந்தவர்களை அரசாங்கம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது. கூவத்தையே படத்திலிருந்து அனுப்பிவைத்தது நான். 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் தீட்டியதும் வாரக்கடைசியில் அங்கேயும் கூட்டமாகப் போனோம். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். "அம்மா, குடத்தைக் கொஞ்சம் நகத்துங்க, பெயிண்டிங் மறைக்குது." அன்றும் நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

ஊடகங்களை மட்டும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லைதான். ஆனாலும் திட்டுவேன்.

ஒரு செய்தித் தொலைக்காட்சியின் டெஸ்க்கில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். மதியம் ஒன்றரைக்குப் போன் செய்தார். "சார், பிளேன் போட்டோஸ் இருந்தா அனுப்புங்க, உங்க பேர் போட்டுடறோம்." காசு என்ற சொல்லை அந்தத் துறையில் போட்டோக்காரனிடம் யாரும் உச்சரிப்பதில்லை, பேர்தான். சூர்யகிரணோடு அந்த மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சூர்யகிரண் செம சார். மத்த மூணும் கொஞ்சம் நெகட்டிவா இருக்கு சார்."

நான் ஃபிலிம் காலத்து ஆள். எங்களுக்கு நெகட்டிவ் இல்லாமல் படமே கிடையாது. அதை இருட்டறையில் வைத்துக் கழுவினால்தான் முகம் தெரியும். தம்பிக்கு அது கெட்ட வார்த்தை.

பிற்பகலில் எல்லாத் திரையிலும் மெரினா குலுங்கிக்கொண்டிருந்தது, அதிர்ந்துகொண்டிருந்தது, வியந்துகொண்டிருந்தது. பிறகு செய்தி வந்தது. ஐந்து பேர் இறந்துவிட்டார்கள், இருநூறுக்கும் மேல் மருத்துவமனையில். அதே காட்சிகள், அதே மணல். பின்னணி இசையை மட்டும் மாற்றிப் போட்டார்கள். ஏழரை மணிக்குத் தம்பி மறுபடி போன். "சார், அந்த நெகட்டிவ் போட்டோஸ் இன்னொரு தடவை அனுப்ப முடியுமா? தாத்தா முகம் குளோசப்பா இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

எட்டு மணிக்கு விவாதம். நெற்றியில் வியர்வை இல்லாத ஆறு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நெரிசலில் இறந்தார்களா, வெப்பத்தில் இறந்தார்களா என்று ஒரு சண்டை. ஏதோ அதில் ஒன்று கொஞ்சம் கௌரவமான சாவு என்பதுபோல. குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லித்தானே இருந்தோம் என்று ஆட்சித் தரப்பு. அப்படியென்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது: தாகத்தோடு வந்தவன். எதிர்த்தரப்புக்கோ ஐந்து பிணம் என்பது ஐந்து கேள்வி, அடுத்த தேர்தல் வரை தாங்கும். பிறகு தலைக்கு ஐந்து லட்சம் நிவாரணம் அறிவித்தார்கள். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொருளின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்த ஊர் இது. காசோலையில் படம் ஒட்ட இடமில்லாததால் கொடுக்கிற கையைப் படம் எடுத்துப் போடுவார்கள். பந்தலுக்குள் இருந்தவர்களில் யாருக்காவது தலை சுற்றியதா என்று ஒரு நெறியாளரும் கேட்கவில்லை.

தாத்தா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. முகம் இருக்கிறது, ஃபோகஸ் துல்லியம். தம்பிக்கு மறுபடி அனுப்பவில்லை. அதை என் நேர்மை என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மையில், இரண்டாவது முறை கேட்டபோது "பேர் போட்டுடறோம்" என்று அவர் சொல்ல மறந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் மெரினாவுக்குப் போனேன். லென்ஸைத் திருப்பிக் கொடுக்க ஒன்பது மணிவரை நேரம் இருந்தது, வாடகை வீணாகக் கூடாதல்லவா. துப்புரவுப் பணியாளர்கள் மணலை வாரிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டில், உடைந்த குடைக்கம்பி, செருப்பு, செருப்பு, செருப்பு. ஜோடி சேராத செருப்புகள் இடுப்பளவு குவியல். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. நான் முட்டி போட்டுக் குவியலுக்கு ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருந்தபோது கையுறை போட்ட ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், நேத்து ஏரோப்ளேன்லாம் புட்சியா?"

"எடுத்தேம்மா. நீங்க பாக்கலியா?"

"எங்க பாக்கறது? நேத்தும் டூட்டி. குனிஞ்ச தலை நிமிரல. காட்டேன், பாக்கலாம்."

சூர்யகிரண் படத்தைத் தேடி எடுத்துக் கேமராவை அவர் முன்னால் நீட்டினேன். கையுறையோடு நெற்றிக்கு மேல் கை வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வெய்யில்ல ஒண்ணுமே தெர்லயே சார்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.