கார்வெட் குடும்பஸ்தர்

அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா பக்கம் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு நாலு பேர் இப்படித் தேறுவார்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தொப்பி, டீ-ஷர்ட், சாவிக்கொத்து, காபிக் குவளை எல்லாவற்றிலும் ஒன்றை ஒன்று குறுக்கிட்ட இரண்டு கொடிகள் இருக்கும். அது செவர்லே கார்வெட் காரின் சின்னம். இவருடைய காரில் மட்டும் அந்தச் சின்னம் இருக்காது. மெருகு போடக் கழற்றி அனுப்பியிருப்பார். திரும்பி வர ஆறு மாதம் ஆகும்.

"இது என் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள், எங்கள் குடும்பத்தின் பொழுதுபோக்கு" என்பார். நிஜமா என்று குடும்பத்தைக் கேட்கலாம்தான். ஆனால் அவர்கள் காருக்கு அடியில் இருப்பார்கள்.

"கார் நல்லாயிருக்கே" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உங்களை 1953-க்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஜனவரியில்தான் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் முதல் கார்வெட்டைக் காட்சிக்கு வைத்தது. ஜூன் கடைசியில் ஃப்ளின்ட் நகரத்தில் உற்பத்தி ஆரம்பம். அந்த வருஷம் செய்தது மொத்தம் 300 கார். அத்தனையும் வெள்ளை, உள்ளே சிவப்பு. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரே ஒழிய, இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக்கும்தான். கண்காட்சிக்கு வந்திருந்த ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவ் என்ற எஞ்சினியர் அதன் அழகில் மயங்கி, உள்ளே இருப்பதைப் பார்த்து மனம் நொந்து, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டு அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். கார்வெட்டின் தந்தை என்ற பட்டம் பின்னால் அவருக்கே நிலைத்தது. அவருடைய அஸ்தி கென்டக்கி மாநிலத்துப் பவுலிங் கிரீனில், கார்வெட் மியூசியத்திலேயே இருக்கிறது. இந்த இடம் வரும்போது நம்மவர் தொப்பியைக் கழற்றுவார். நீங்களும் தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்தது 1963. அந்த வருஷத்து ஸ்டிங் ரே கூப்பேயின் பின்கண்ணாடியை நடுவில் ஒரு பட்டை இரண்டாகப் பிரித்தது. பின்னால் வருவது கண்ணுக்குத் தெரியவில்லை என்று டன்டாவே அதை எதிர்த்தார். 1964-ல் பட்டையை எடுத்துவிட்டார்கள். தங்கள் கார் பழைய மாடல் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று 1963 கார் வைத்திருந்த சில புத்திசாலிகள் பட்டையை அறுத்தெறிந்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். இன்றைக்குப் பட்டை உள்ள காருக்குத்தான் கொள்ளை விலை. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் நம்மவர் அரை நிமிஷம் மௌனமாக இருப்பார். நழுவ நினைப்பவர்களுக்கு இதுதான் தருணம்.

வாங்கும் விதமே தனி. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பண்ணையில், வைக்கோலுக்கும் ஓட்டை டிராக்டருக்கும் நடுவே ஒரு 1969 ஸ்டிங்ரே கிடப்பதாகத் தகவல் வரும். குடும்பத்தோடு போவார்கள். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருக்கும்.

"ஓடுமா?" என்று மனைவி கேட்பார்.

"ஓடவே ஓடாது" என்று பண்ணைக்காரர் நேர்மையாகச் சொல்வார்.

நம்மவர் முகம் மலர்ந்துவிடும். ஓடுகிற கார் என்றால் இடையில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஓடாத கார்தான் கலப்படமில்லாத கார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, எலிகளையும் சேர்த்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார்.

மனைவி சம்மதித்ததற்கு ஒரே காரணம், "ஃபைபர் கிளாஸ் பாடி, துருவே பிடிக்காது" என்று அவர் அடித்துச் சொன்னதுதான். அதில் பொய் இல்லை. கார்வெட்டின் மேல்பாகம் முழுக்க ஃபைபர். ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு. முன்கண்ணாடியைச் சுற்றி உள்ளுக்குள் ஓடும் கூண்டும் இரும்பு. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க சாலையில் உப்புக் கொட்டுவார்கள். ஆகவே மேலே பார்த்தால் கன்னம் பளபள என்றிருக்கும். உள்ளே எலும்பு உதிரும். இது தெரியவருவது மூன்றாவது மாதம். அதற்குள் காரைப் பிரித்து எழுநூறு பிளாஸ்டிக் பைகளில் போட்டாகிவிட்டது. பண்ணைக்காரரும் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார்.

பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் படலத்தில்தான் இது குடும்பப் பொழுதுபோக்காக மாறுகிறது. ஃபைபர் தூசி தோலில் இறங்கினால் அரிப்பு லேசில் போகாது. வெந்நீரில் குளித்தால் இன்னும் உள்ளே போகும் என்று, நவம்பர் குளிரில் எல்லோரையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு பெஞ்சு முழுக்கக் கழுத்தைச் சொறிந்துகொண்டு ஜெபிக்கிறார்கள் என்றால், கார்வெட் குடும்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

வேலைப் பங்கீட்டில் மகனுக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம். அதில் பதவி உயர்வு கிடையாது. 1969 மாடலில் ஹெட்லைட்டுகள் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தில்தான், அதாவது வாக்குவத்தில்தான், மூடி திறந்து மேலே வரும். இதற்காக ரப்பர் குழாய்கள் காருக்குள் குடல் மாதிரி ஓடுகின்றன. ஏதோ ஒன்றில் ஊசிமுனை அளவு ஓட்டை. சுவிட்சைப் போட்டால் வலது கண் திறக்கும். இடது கண் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். எதிரே டார்ச்சோடு நிற்கும் பையனைப் பார்த்து மாலைக்கு நாற்பது தடவை கார் கண்ணடிக்கிறது. பதினாறு வயதில் வேறு யாரும் அவனைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை என்பதால் அவனும் பொறுத்துக்கொள்கிறான்.

மூளை எல்லாம் மகளிடம். ஜாதகம் பார்ப்பது அவள் பொறுப்பு. வேடிக்கை இல்லை, இந்த வட்டாரத்தில் எஞ்சினுக்கும் காருக்கும் பொருத்தம் பார்க்காமல் யாரும் பேச்சே எடுப்பதில்லை. காரின் எண்ணின் கடைசிப் பகுதி எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் ஒரு சிறு மேடையில் பொறித்திருக்க வேண்டும். பிளாக்கின் பின்னால் அதை வார்த்த தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி, பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி எண். கார் பிறப்பதற்கு முன்னால் எஞ்சின் பிறந்திருக்க வேண்டும். ரொம்ப முன்னாலும் பிறந்திருக்கக் கூடாது. பொருந்தினால் விலை எங்கேயோ போய்விடும். விலை ஏறும் இடத்தில் போலி ஜாதகம் எழுதுகிறவர்களும் உண்டே. பழைய எண்ணைச் செதுக்கிவிட்டுப் புது எண் அடித்து விற்கிறார்கள். மகள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, இரும்பில் இருக்கும் கீறல்களின் திசையைப் பார்த்தே போலியைக் கண்டுபிடித்துவிடுவாள். போதாக்குறைக்கு, இந்த மாடலைச் செய்த செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியலைப் பெட்ரோல் டேங்க்கின் தலையில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காகிதத்துக்காக டேங்க்கையே இறக்கியவள் அவள். காகிதத்தில் பாதியை எலி தின்றிருந்தது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலில் வீட்டில் கெட்டவார்த்தை பேசினாள். அப்பாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

மனைவியின் தியாகம் தனிப் புராணம். ஜனவரியில் இரண்டடிப் பனியில் அவருடைய வேன் வாசலில் புதைந்து கிடக்கும். ஹீட்டர் போட்ட கராஜில், கம்பளிப் போர்வைக்குள், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டே கார்வெட் சயனித்திருக்கும். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, பாத்திரம் கழுவும் மெஷினில் கார்புரேட்டர் மூடியை நம்மவர் கழுவியிருக்கிறார். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலக் காபி சொல்லிவிட்டது.

கல்யாணத்தைப் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று நம் ஊரில் சொன்னவர்கள் கார்வெட்டைக் கொண்டுபோய் நடுவர்கள் முன்னால் நிறுத்திப் பார்த்ததில்லை. 1974-ல் தொடங்கிய தேசியக் கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. காருக்கு மொத்தம் 4,500 மதிப்பெண். 94 சதவீதம் எடுத்தால்தான் முதல் வகுப்பு. கார் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதல்ல கேள்வி. அன்றைக்குத் தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்பதுதான். அன்றைக்கு அது ஒன்றும் அழகாக இல்லை. பாடிக்கு அடியில் கறுப்புப் பெயிண்டை அரைகுறையாக அடித்திருந்தார்கள். சேஸிஸில் சோதனை செய்தவர் கலர்ச் சாக்கால் கிறுக்கியிருந்தார். அதைவிட நன்றாகச் செய்தால் மதிப்பெண் போச்சு.

ஆகையால் நம்மவர் முதலில் குறையே இல்லாமல் பெயிண்ட் அடிப்பார். பிறகு, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த ஒரு தொழிலாளி எப்படி அடித்திருப்பார் என்று கற்பனை செய்து, அதன்மேல் கவனமாக ஒழுகவிடுவார். ஒழுகல் திருப்தியாக வராவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடியும். சாக் கிறுக்கலுக்குத் தனிப் பயிற்சி. சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துப்போட்டு, ஒரு வாரம் இடது கையால் எழுதிப் பார்த்தார். வேலையில் சிரத்தை இல்லாத ஒரு மனிதரின் அலட்சியத்தை நகலெடுக்க இவ்வளவு சிரத்தை செலவாவதை வேறெங்கும் பார்க்க முடியாது என்பது என் அபிப்பிராயம். நடுவர்கள் கம்பியில் கட்டிய கண்ணாடியும் டார்ச்சுமாக வந்து, குனிந்து, நிமிர்ந்து, ஒரு ரப்பர் குழாயின் கிளிப் 1971-ஐச் சேர்ந்தது என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரியாது, பீட்ஸா வரும்.

விடுமுறைக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாமலா இருக்கிறார்? ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் கார்லைல் திடலில் கார்வெட் திருவிழா. மழையோ வெயிலோ, வரிசை வரிசையாகப் பழைய சாமான் கடை. பவுலிங் கிரீன் மியூசியத்துக்கும் அழைத்துப்போவார். பக்கத்தில் மம்மத் குகை இருக்கிறது. மனிதர் அறிந்த குகைகளில் உலகிலேயே நீளமானது. மனைவி வருஷா வருஷம் குகையைப் பார்க்கலாம் என்பார்; நேரமில்லை என்பார் இவர். கடைசியில் 2014 பிப்ரவரி 12 விடியற்காலையில், மியூசியத்தின் தரை பிளந்து எட்டுக் கார்வெட்டுகள் பள்ளத்துக்குள் போயின. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்துக் குகையாக்கும் அதே திருவிளையாடல்தான். இவர்கள் குகையைப் பார்க்கப் போகவில்லை. குகை வந்து இவர்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. யாருக்கும் காயமில்லை. எட்டில் மூன்றைப் புதுப்பித்தார்கள். மற்றவற்றை நசுங்கியபடியே காட்சிக்கு வைத்தார்கள். பார்க்க முன்னைவிடக் கூட்டம் வந்தது. நம்மவரும் போனார். நசுங்கிய காரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதைச் சரிபண்ணிவிடலாம்" என்றார். மனைவி குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மியூசியத்துக்கு வெளியே, வெகு வேகமாக, குகைப் பக்கம் நடந்தார்.

எல்லாம் முடிந்து கார் தயாரானால் ஓட்டுவார் என்றுதானே நினைப்பீர்கள்? முன்னூறு குதிரைசக்தி எஞ்சின் டிரெய்லரில் ஏறிப் போட்டிக்குப் போகிறது, டிரெய்லரில் ஏறித் திரும்பி வருகிறது. மேகம் இல்லாத நாளில், சல்லிக்கல் இல்லாத சாலையில், ஐஸ்கிரீம் கடைவரை போவதுண்டு. எதிரே இன்னொரு கார்வெட் வந்தால் கை அசைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். வருஷத்தில் ஒருநாள், டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் கலந்துகொள்வார். அங்கே நெரிசலில், நடைபாதையில் ஐஸ்கிரீம் வண்டி தள்ளுகிறவர் இவரை முந்திக்கொண்டு போவார்.

கார் முடிந்துவிட்டதில் இவருக்கு உள்ளூர ஒரு கலக்கம். சனிக்கிழமை காலையில் கையில் ஸ்பேனரோடு நின்று என்ன செய்வது என்று தெரியாமல், கராஜைப் பெருக்குவார். மகன் அறைக்குள் போய்விட்டான், மகள் சிநேகிதிகளோடு போய்விட்டாள். இரண்டே வாரம். பிறகு, மகள் கல்லூரிக்குப் போகப்போகிறாளே, அவளுக்கென்று ஒன்று வேண்டாமா என்று ஆரம்பிப்பார். இண்டியானாவில் ஒரு 1972 கிடக்கிறதாம். ஓடாதாம்.

மிச்சிகனில் நோவி, ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்து குடியேறும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் வாய்த்தால் தாராளமாகப் பழகுங்கள். தங்கமான மனிதர்; பனியில் உங்கள் டொயோட்டா மக்கர் பண்ணினால் ராத்திரி பதினொரு மணிக்கும் கேபிளோடு வருவார். "என்ன மைலேஜ் கொடுக்கும்?" என்று மட்டும் கேட்டுவைக்காதீர்கள். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலே அதிகம். வாங்கிய விலையைக் கேட்காமல் இருக்க முடியாது என்றால், அவர் மனைவி வீட்டுக்குள் போனபிறகு கேளுங்கள்.