தம்பி வந்தா சரியாயிடும்

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஒரு 'கம்ப்யூட்டர் தம்பி' இருப்பார். அவர் கம்ப்யூட்டர்தான் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோவாக இருக்கலாம், பி.ஏ. வரலாறாகவும் இருக்கலாம். என்றைக்கோ ஒருநாள் யார் வீட்டிலோ அசையாமல் நின்றுபோன கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பார், அதுவும் ஓடித் தொலைத்திருக்கும். அன்றோடு அவர் தலையெழுத்து முடிந்தது.

பகலில் அவருக்கு அத்திப்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்து மீஞ்சூரில் இறங்குவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். எடுத்த எடுப்பில் யாரும் கம்ப்யூட்டர் பேச்சை எடுப்பதில்லை. "சாப்டியாப்பா?" என்று அக்கறையாக ஒரு குரல் வந்தாலே போதும், அந்த வீட்டில் வைஃபை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

"இன்னா ஆச்சு அத்தை?"

"நான் ஒண்ணுமே தொடலப்பா. அதுவா நின்னுடுச்சு."

"எதனா எழுத்து வந்துச்சா?"

"வந்துச்சு. இங்கிலீஷ்ல."

"இன்னா போட்டிருந்துச்சு?"

"யாரு படிச்சா? ஓகே குடுத்துட்டேன்."

தம்பியின் வைத்திய சாஸ்திரம் மொத்தமும் இந்த ஆறு வரிக்குள் அடக்கம். 'ஒண்ணுமே தொடல' என்பவர்கள் எதையோ தொட்டிருக்கிறார்கள். எதை என்று கண்டுபிடிப்பது பாதி வேலை, கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமலிருப்பது மீதி வேலை. அத்தை வீட்டில் போய்ப் பார்த்தால், ரவுட்டர் சொருகியிருந்த பிளக்கில் மிக்ஸி சொருகியிருக்கும். தம்பி முதுகால் மறைத்துக்கொண்டு அதைப் பிடுங்கி ரவுட்டரை மாட்டுவார். அப்புறம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் கீபோர்டில் எதையாவது தட்டுவார். "செட்டிங்ஸ் மாறியிருந்துச்சு அத்தை." அத்தையின் மானமும் போகாது, தம்பியின் மவுசும் குறையாது. மிக்ஸிதான் காரணம் என்று உண்மையைச் சொல்லிவிட்டால் அடுத்த தடவை யார் மதிப்பார்கள்?

உண்மையிலேயே கெடுவதும் உண்டு. ஏரிக்கரை வீடுகளில் அதற்கு முக்கியக் காரணம் உப்புக்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து ரேமின் பொன்னிறப் பற்களில் படலம் கட்டிவிடும். ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கும், உள்ளேயிருந்து 'பீப் பீப்' என்று முனகல் மட்டும் வரும். தம்பி கரண்டைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ரேமைக் கழற்றுவார். வீட்டுப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சில் ரப்பரை வாங்கி, பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் துணியால் துடைத்து (ஊதினால் எச்சில் படும், மறுபடியும் ஈரம்), 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவார். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ரப்பர் கறுத்துப்போனதற்குப் பிள்ளை அழும். கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்காகக் காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து ஓர் ஆலையே நிற்கிறது. காற்றிலிருக்கும் உப்பை எடுக்க இந்த ரப்பர்தான்.

இன்னொரு வீட்டில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டும். வைரஸ் என்று பெரியப்பா முடிவே கட்டியிருப்பார். தம்பியின் கண் நேரே திரையின் மூலைக்குப் போகும். தேதி 2010 என்று இருக்கும். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு மூன்று வோல்ட் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால், கரண்டைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடும். வெப்சைட்டின் சான்றிதழ் இன்றைய தேதிக்குச் செல்லும், 2010-க்குச் செல்லாது, அதனால்தான் அந்தக் கூப்பாடு.

"பேட்டரி மாத்தி தேதியைச் சரி பண்ணிடறேன் பெரியப்பா."

"இருக்கட்டுமேப்பா. டீசல் நாப்பது ரூபா வித்த வருஷம் அது."

சங்கத்து மனு கதை வேறு. பழைய எழுத்துருவில் அடித்து வைத்ததைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஐயா அவர்களுக்கு என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். அதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற தம்பிக்கு இரண்டு ராத்திரி போகும். தலைவரோ, "தமிழ் கூடத் தெரியாத கம்ப்யூட்டரை எவன்டா வாங்கினது?" என்று அவரையே கேட்பார்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எங்கே வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தம்பியின் ஞாயிற்றுக்கிழமையையும் ஊர் அப்படியே பாடு பிரித்து வைத்திருக்கிறது: காலையில் கோயில் தெரு, மத்தியானம் சங்கம், சாயங்காலம் யாராவது மச்சான் வீடு. தம்பியைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கூலி காசாக வராது, மீனாக வரும். பாஸ்வேர்டு மறந்ததற்கு மடவை. ஃபார்மட் பண்ணினால் நண்டு. அழிந்துபோன கல்யாண போட்டோவை மீட்டுக் கொடுத்தால் இறால், அதுவும் பெரிதாகப் பொறுக்கி எடுத்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். ஆனாலும் ஏரியில் மட்டுமே வலை வீசுகிறவர்கூட அந்த இரண்டு மாதமும் "தடைக்காலம்பா, உனக்குத் தெரியாததா" என்று கைவிரித்துவிடுவார். தம்பியும் சரியென்று தலையாட்டி, ஒரு டீயோடு கிளம்பி, அடுத்த வீட்டுக்குப் போவார்.

எந்த வீட்டுக்கும் போவார், எந்நேரமும் போவார். யாராவது "தம்பி, இந்த பிரிண்டர்..." என்று ஆரம்பித்தால் மட்டும், "அண்ணே, டவர் இல்ல, விட்டு விட்டுக் கேக்குது" என்பார், எதிரிலேயே நின்றுகொண்டு.