நாற்பது கடந்தோர் ஊஞ்சலாடுதல்: சங்கிலி, சாக்கு, சமூகம் – ஒரு முன்னாய்வு

பூங்கா ஊஞ்சலில் ஆடும் நடுவயதினரைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இத்தனைக்கும் அவர்கள் அரிய இனமல்ல. மாலை நடைக் கூட்டம் கலையும் நேரத்தில் எந்த ஊர்ப் பூங்காவிலும் ஒருவராவது அகப்படுவார். யாராவது பார்த்தால் உடனே இறங்கிவிடுவார் என்பதுதான் களப்பணியில் உள்ள சிக்கல்.

முதலில் இலக்கணம். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கின் வழியே உவகை பிறக்கும் என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். நாற்பது கடந்தவரிடம் இதைச் சரிபார்ப்போம். செல்வம் மாதம் ஐந்தாம் தேதி தவணைக்குப் போய்விடுகிறது. புலனுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. மூன்றாவதைக் குடும்பப் பத்திரிகையில் விவாதிப்பதற்கில்லை. மிஞ்சுவது விளையாட்டு. அங்கேதான் பலகை நிற்கிறது: '12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் ஆடக் கூடாது.'

பலகை எழுதியவருக்கு மரபுப் பயிற்சி போதாது. மதுரையில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியும் சொக்கரும் ஊஞ்சலாடுகிறார்கள், இருவருமே கல்யாணமானவர்கள். திருவாசகத்தில் பொன்னூசல் உண்டு, சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி உண்டு. கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்கார்த்திப் பாலும் பழமும் கொடுக்கிறோம். கூடத்துத் தேக்குப் பலகையில் தாத்தா வெற்றிலை மென்றபடி ஆடினால் அது கௌரவம். ஆக, தெய்வம், மணமக்கள், கிழவர், குழந்தை ஆகிய எல்லாருக்கும் அனுமதி இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் இல்லை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் பத்தாவதான கடைசிப் பருவம் ஊசல். அதற்குப் பின் வரும் தவணைப் பருவத்தைப் பாட எந்தப் புலவரும் முன்வரவில்லை, தாளமும் கட்டாது.

இயற்பியலோ பெரியவர் கட்சி. ஊஞ்சல் ஒருமுறை போய்வரும் நேரம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது, ஆளின் எடையை அது கேட்பதில்லை. 2 மீட்டர் சங்கிலியில் மெதுவாக ஆடினால் மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவு. 18 கிலோ யூகேஜி பிள்ளைக்கும் 85 கிலோ தாசில்தாருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. இந்த ஒழுங்கை வைத்து 1656-இல் விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் கண்டுபிடித்தார். ஆடிக் களிக்க வேண்டிய ஒன்று ஆபீஸ் சுவரில் ஏறி, நிமிஷக் கணக்கில் நம்மைத் திட்டு வாங்க வைத்தது அப்படித்தான். விஞ்ஞானிகளை நான் பொதுவாகக் குறை சொல்வதில்லை, இது விதிவிலக்கு.

நடுவயதில் சந்தோஷம் வற்றிவிடுகிறது என்பார்கள். என் கருதுகோள் வேறு: தட்டுப்பாடு சாக்குக்குத்தான். மடியில் ஒரு குழந்தை இருந்தால் எவரும் கூச்சமின்றி ஆடுவார். அக்கா பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை, எதுவானாலும் சரி. பிள்ளை கிடைக்காதவர் என்ன செய்வார்?

ஒரு மாலை கண்டது. மகள் சறுக்கு மரத்தில் இருந்தாள். அப்பா, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் பையைக் கம்பத்தில் சாய்த்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார், பலகையை அழுத்திப் பார்த்தார், உட்கார்ந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டார், பேச்சு இல்லை. செருப்பு நுனி தரையில் உரச, முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண். அப்புறம் போன் சட்டைப் பைக்குள் போயிற்று, கால் தரையை விட்டது. உயரே போன ஒரு வீச்சில் இடது செருப்பு கழன்று செம்பருத்திச் செடிக்குள் விழுந்தது. நிறுத்துவார் என்று பார்த்தேன். வலது செருப்பையும் உதறினார்.

"அப்பா, இறங்குப்பா, எல்லாரும் பாக்குறாங்க!" என்றாள் மகள். வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"சார், அது சின்னப் பசங்களுக்கு."

"தெரியும்ப்பா. நட்டு லூசா இருக்கு, அதான் செக் பண்றேன்."

வாட்ச்மேன் சங்கிலியை அண்ணாந்து பார்த்தார். "அப்ப பக்கத்து ஊஞ்சலையும் பாத்துடுங்க சார். அதுவும் கிரீச்சுனு கத்துது."

நிர்வாக நோக்கில் இந்த உரையாடல் பொன்னானது. எனவே உள்ளாட்சித் துறைக்கு ஆய்வாளனின் பரிந்துரை: பூங்காதோறும் கௌரவ நட்டுப் பரிசோதகர்களை நியமிக்கலாம். சம்பளம் வேண்டாம், கழுத்தில் ஓர் அட்டை போதும். வயது நாற்பதுக்குக் குறையக் கூடாது. சோதனை இரு கால்களும் தரையில் படாமல் நடத்தப்பட வேண்டும். நட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மறுநாளும் வந்து பார்த்தாக வேண்டும். கழன்று விழும் செருப்புக்கு மட்டும் அரசு பொறுப்பேற்காது.